சொல் பிறந்த இடம்: நிரல்மொழிகளில் செயற்கூறும் சூழலும்

முன்னுரை

கணிப்பொறி அறிஞர் நாள்தோறும் வழங்கும் 'அல்காரிதம்' என்னும் சொல், 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்குவாரிஸ்மியின் பெயர் இலத்தீன் மொழியில் திரிந்ததால் பிறந்ததாகும். மனிதர் ஒருவரின் பெயர், கடல் கடந்து, ஒரு வழிமுறையின் பெயராயிற்று. ஊர் மாறுங்கால் சொல்லின் வடிவும் பொருளும் மாறுதல் மக்கள் மொழிக்கு இயல்பு. ஆனால் கணிப்பொறிக்கென அமைந்த மொழியில் ஒரு பெயர் இடம்விட்டு இடம் செல்லும்போது பொருள் மாறுமாயின் கணக்கே பிழைபட்டுவிடும். இச்சிக்கலை அறிஞர் எவ்வாறு உணர்ந்தனர், எவ்வாறு தீர்த்தனர் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செயற்கூறும் ஒரு மதிப்பே

ஒரு பணியைச் செய்வதற்குரிய கட்டளைகளைத் தொகுத்துப் பெயரிட்டு வைப்பது செயற்கூறு எனப்படும். எண்ணை ஒரு மாறியில் இட்டு வைக்கலாம். பிறிதொரு செயற்கூற்றுக்கு உள்ளீடாகக் கொடுக்கலாம். விடையாகத் திருப்பித் தரலாம். இவ்வுரிமைகள் யாவும் செயற்கூற்றுக்கும் உண்டாயின், அம்மொழியில் செயற்கூறு 'முதல்தர'ப் பொருள் எனப்படும். முதல்தரம், இரண்டாந்தரம் என்னும் இப்பாகுபாட்டை ஆங்கிலேய அறிஞர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1967இல் கோபன்ஹேகனில் நிகழ்த்திய விரிவுரைகளில் எடுத்துரைத்தார். ஆல்கால் 60 மொழியில் எண்கள் முதல்தரக் குடிகள். செயற்கூறுகளோ இரண்டாந்தரக் குடிகள். அவற்றை உள்ளீடாக அனுப்பலாம். விடையாகப் பெற இயலாது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். 'கணிப்பான்' என்றொரு செயற்கூறு உள்ளது எனக் கொள்வோம். அதற்கு நாம் தருவது ஒரு வீதம். அது நமக்குத் தருவது ஓர் எண்ணன்று, புதியதொரு செயற்கூறு.

கணிப்பான் (வீதம்) : விடை = செயற்கூறு (அளவு) : விடை = அளவு × வீதம் ÷ 100

கணிப்பானுக்கு 2.5 என்னும் வீதத்தைத் தந்து, கிடைப்பதற்கு 'ஜகாத்' எனப் பெயரிடுவோம். ஜகாத் (40000) எனக் கேட்டால் 1000 என விடை வரும். வேளாண் விளைச்சலுக்குரிய உஷ்ருக்கு, மழையால் விளைந்ததாயின் 10, நீர் இறைத்துப் பாய்ச்சியதாயின் 5 என வீதங்களைத் தந்து மேலும் இரு செயற்கூறுகளைப் பெறலாம். 200 மூட்டை நெல்லுக்கு முன்னது 20 எனவும், பின்னது 10 எனவும் கூறும். மூன்றுக்கும் கட்டளை ஒன்றே. வேறுபடுவது வீதம் மட்டுமே.

கடிதமும் 'இங்கு' என்னும் சொல்லும்

உள்ளிருக்கும் செயற்கூற்றை நோக்குக. அதில் 'அளவு' என்பது அதன் சொந்த உள்ளீடு. ஆகவே அது கட்டுண்ட மாறி. 'வீதம்' என்பதோ வெளியிலிருந்து வருவது. அதனைக் கட்டற்ற மாறி என்பர். இக்கட்டற்ற மாறிக்கு எங்கிருந்து பொருள் கொள்வது?

காயல்பட்டினத்திலிருந்து ஒரு தாய் துபாயிலுள்ள மகனுக்குக் கடிதம் எழுதுகிறாள். "இங்கு நல்ல மழை" என்பது அதில் ஒரு வரி. மகன் அதனைத் துபாயில் அமர்ந்து படிக்கிறான். 'இங்கு' என்பதற்குக் காயல்பட்டினம் என்றே பொருள் கொள்கிறான். துபாய் என்று கொள்வானாயின் கடிதம் பொய்யாகிவிடும். எழுதிய இடத்தைக் கொண்டு பொருள் கொள்வது ஒரு முறை; படிக்கும் இடத்தைக் கொண்டு பொருள் கொள்வது மற்றொரு முறை. நிரல்மொழியில் முன்னதை நிலைச்சூழல் முறை என்றும், பின்னதை இயங்குசூழல் முறை என்றும் கூறலாம்.

ஜான் மெக்கார்த்தி 1958இல் உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழி, தொடக்கத்தில் பின்னைய முறையிலேயே இயங்கிற்று. அம்முறையில், உஷ்ர் கணக்கிடும் பகுதியொன்று 'வீதம்' என்னும் அதே பெயரில் 10 என்னும் எண்ணை வைத்துக்கொண்டு நம் ஜகாத் செயற்கூற்றை அழைத்தால், 1000 வரவேண்டிய இடத்தில் 4000 வரும். நிரல் நின்றுவிடாது, பிழை என்றும் கூறாது, தவறான விடையை அமைதியாகத் தந்துவிடும். இதனை முதலில் தாம் வெறும் நிரற்பிழையாகவே கருதியதாகவும், மொழியை ஐபிஎம் 704 பொறியில் அமைத்த ஸ்டீவ் ரஸ்ஸல் விரைவில் திருத்திவிடுவார் என நம்பியதாகவும் மெக்கார்த்தியே பின்னாளில் எழுதினார். ஆனால் அது சிறு பிழையன்று. மொழியின் அடிப்படையைத் தொட்ட வினா. 'ஃபுனார்க் சிக்கல்' என்னும் பெயரால் அது நெடுங்காலம் பேசப்பட்டது.

அடுக்கின் இயல்பு

நிலைச்சூழல் முறையே சரியெனின், அதனை முதலிலேயே கைக்கொள்ளாதது ஏன்? விடை நினைவகத்தின் அமைப்பில் உள்ளது. ஒரு செயற்கூறு அழைக்கப்படும்போது, அதன் மாறிகளுக்கென நினைவகத்தில் ஓர் ஏடு திறக்கப்படுகிறது. ஏடுகள் விருந்தில் கழுவி வைத்த தட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். இறுதியில் வைத்ததே முதலில் எடுக்கப்படும். செயற்கூறு முடிந்ததும் அதன் ஏடு நீக்கப்பட்டு, அவ்விடம் அடுத்த ஏட்டிற்குரியதாகும். இது விரைவும் சிக்கனமும் உடைய முறை.

கணிப்பானை 2.5 உடன் அழைக்கும்போது, வீதம் என்னும் மாறி கணிப்பானின் ஏட்டில் எழுதப்படுகிறது. கணிப்பான் விடை தந்து முடிந்ததும் அவ்வேடு நீக்கப்படுகிறது. ஆனால் வெளிவந்த ஜகாத் செயற்கூறு இன்னும் வாழ்கிறது. அதற்கு வீதம் தேவை. வீட்டைவிட்டுப் புறப்பட்ட மகன் திரும்பிப் பார்க்கையில் வீடே இல்லாத நிலை இது. செயற்கூற்றை உள்ளீடாக அனுப்பும்போது இவ்விடர் இல்லை. ஏனெனில் அப்பொழுது தாய் ஏடு அடுக்கின் அடியில் இன்னும் இருக்கிறது. ஆல்கால் 60 அனுப்புதலை அனுமதித்துத் திருப்பித் தருதலை அனுமதியாமைக்குக் காரணம் இதனால் விளங்கும்.

சூழற்பொதி

தீர்வுக்குத் தெளிவான வடிவம் தந்தவர் பீட்டர் லாண்டின். செயற்கூறு என்பது கட்டளைத் தொகுதி மட்டுமன்று. கட்டளைத் தொகுதியும், அது பிறந்த சூழலும் சேர்ந்த இணையே என அவர் 1964இல் விளக்கினார். அவ்விணைக்கு அவர் இட்ட பெயர் 'குளோஷர்'. இக்கட்டுரையில் அதனைச் 'சூழற்பொதி' என்போம். வழிப்பயணம் செல்வோர் கட்டுச்சோறு கொண்டு செல்வதுபோல, செயற்கூறு தனக்கு வேண்டிய பெயர்களையும் அவற்றின் பொருளையும் உடன் கொண்டு செல்கிறது. 1975இல் சஸ்மனும் ஸ்டீலும் எம்ஐடியில் உருவாக்கிய ஸ்கீம் மொழி இக்கருத்தையே அடித்தளமாகக் கொண்டது.

பொதியைக் கட்டும் முறைகள்

பொதியை அமைக்கும் வழிகள் பல. அவற்றுள் மூன்றினைக் காண்போம்.

முதலாவது, ஏடுகளை அடுக்கில் வையாது, 'குவியல்' எனப்படும் நினைவகப் பகுதியில் வைத்தல். எவரேனும் ஓர் ஏட்டைச் சுட்டிக்கொண்டிருக்கும் வரை அது நீக்கப்படாது. வேண்டாதவற்றைக் கண்டு அகற்றுவது குப்பை அகற்றியின் பணி. இம்முறை எளிது, ஆயின் அழைப்புதோறும் செலவு மிகும். மேலும் ஒரு மாறிக்காக ஏடு முழுதும் தங்கிவிடும்.

இரண்டாவது, வேண்டிய மதிப்புகளை மட்டும் படியெடுத்துப் பொதியில் வைத்தல். மொழிமாற்றி ஒவ்வொரு செயற்கூற்றையும் ஆராய்ந்து, அதன் கட்டற்ற மாறிகள் யாவை என முன்னரே பட்டியலிடுகிறது. ஜகாத்தின் பொதியில் 2.5 என்னும் ஓர் எண் மட்டுமே இருக்கும். ஆனால் மாறி பின்னர் மாறுமாயின்? ஓர் எண்ணிக்கையைக் கூட்டும் செயற்கூறும், அதனைப் படித்துச் சொல்லும் செயற்கூறும் ஒரே மாறியைப் பகிர்ந்தால், தனித்தனிப் படிகள் முரண்படும். ஆதலின் மாறக்கூடிய மாறியைக் குவியலில் ஒரு சிறு பேழையில் இட்டு, பேழையின் முகவரியை மட்டும் இரு பொதிகளிலும் வைப்பர். 2014இல் வெளிவந்த ஜாவா 8, பொதியுள் புகும் உள்மாறி பின்னர் மாற்றப்படலாகாது என விதித்து இவ்விடரைத் தவிர்த்தது.

மூன்றாவது, பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 1993இல் பிறந்த லுவா மொழி, 2003இல் வந்த தன் 5.0 பதிப்பில் கையாண்ட வழி. தாய் ஏடு அடுக்கில் உள்ள வரை, பொதி அவ்வேட்டிலுள்ள மாறியையே சுட்டும். ஏடு நீக்கப்படும் தறுவாயில், அம்மாறியின் மதிப்பு குவியலுக்கு மாற்றப்பட்டு, அங்கே வாழத் தொடங்கும். திறந்திருக்கும் இத்தகைய சுட்டுகளின் பட்டியலை மொழி வைத்திருப்பதால், ஒரே மாறியைச் சுட்டும் இரு பொதிகளும் ஒரே புதிய இடத்தைப் பகிர்கின்றன. பொதியுள் புகாத மாறிகளுக்கு இடமாற்றச் செலவே இல்லை.

இன்றும் தொடரும் வினா

ஒரு சுழற்சியில் 1, 2, 3 என மாறும் மாறியைக் கொண்டு மூன்று பொதிகள் கட்டினால், அவை ஒரே மாறியைப் பகிர்கின்றனவா, தனித்தனி மாறிகளைக் கொள்கின்றனவா? பகிருமாயின், பின்னர் அழைக்கும்போது மூன்றும் ஒரே விடையையே கூறும். நிரல் எழுதியோர் பலர் இதனால் இடருற்றனர். சுற்றுக்கொரு மாறியை அளிக்கும் வழியை ஜாவாஸ்கிரிப்ட் 2015இல் தந்தது. சி ஷார்ப் 2012இலும், கோ மொழி 2024இலும் தம் பழைய விதியையே மாற்றிக்கொண்டன.

முடிவுரை

ஒருவர் நம்மிடம் ஒப்படைத்துச் சென்ற பொருளை அமானிதம் என்கிறோம். ஒப்படைத்தவர் அருகில் இல்லாதபோதும் அது குறைவின்றிக் காக்கப்பட வேண்டும். தாய்ச் செயற்கூறு மறைந்தபின் அதன் மாறியைக் காத்து நிற்கும் சூழற்பொதியும் அத்தகையதே. பொருள் உணர்தற்குச் சொல் மட்டும் போதாது, அது பிறந்த இடமும் வேண்டும் என்பதைத் தமிழ் பயில்வோர் நன்கறிவர். செய்யுளுக்குத் திணையும் துறையும், கூற்றும் கேட்போரும் கண்டு பொருள் கொள்ளும் நம் மாணாக்கர்க்கு இக்கணிப்பொறிக் கருத்து அயலானதன்று. அஞ்சாது அவர்கள் இத்துறையுள் புகலாம்.