ஊசியை அவள் கையில் கொடுத்தேன்

"குழந்தைக்குப் போய் சர்க்கரை வியாதியா?" என்று ஆம்பூரில் எங்கள் தெருவே கேட்டது. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. இது இனிப்பு தின்று வருவதல்ல. கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிறது. மாத்திரை உதவாது, தினமும் ஊசிதான். 1922-ல் டொரண்டோவில் பதினான்கு வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதுவரை இப்படிப்பட்ட பிள்ளைகள் தப்பியதே அபூர்வமாம்!

இரண்டு வருஷம் நானே போட்டேன். பிறகு ஒவ்வொரு வேலையாக அவள் கைக்கு மாற்றினேன். முதலில், மருந்துக் குப்பியைத் திறந்த தேதியை எழுதுவது. அப்புறம், ஊசி போடும் இடத்தை மாற்றிக்கொள்வது. ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் தடித்துப்போகும். நம்ம ஊர் வெயிலில் கரண்ட் போனால், பெரிய மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, உள்ளே சின்னச் சட்டியில் குப்பியை வைத்து மூடுவதும் அவள்தான்.

ஒருநாள் நோட்டில் எண்கள் எல்லாம் அழகாக இருந்தன. மீட்டரில் பார்த்தால் 300-க்கு மேல்! கல்யாண வீட்டுப் பிரியாணி.

"நீ திட்டுவேன்னுதாம்மா மாத்தி எழுதினேன்."

தப்பு என்மேல்தான். இப்போதெல்லாம், "சரி, என்ன செய்யலாம், சொல்லு" என்று மட்டும் கேட்கிறேன்.

பதின்மூன்று வயதாகிறது. நடுக்கம், வேர்வை வந்தால் குளுக்கோஸ் சாப்பிடணும் என்று பக்கத்து பெஞ்சுத் தோழிக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். ஊசியில் மருந்தை அவளே ஏற்றி, போடுமுன் என்னிடம் காட்டுகிறாள். ஜுரம் வந்த நாளில் மட்டும் பொறுப்பு முழுக்க என்னுடையது.