எல்லைப்புறத் தமிழரும் நலச் சோதனையும்

நோயுற்றவன் மருத்துவரை நாடிச் செல்வது பழைய வழக்கம். நோய் இருக்கிறதா என்று அறிய அரசாங்கமே வீட்டு வாசலுக்கு வருவது இக்காலத்து வழக்கம். வாளையாற்றிலிருந்து கோவிந்தாபுரம் வரையிலும், மறையூரிலிருந்து குமுளி வரையிலும், கேரள எல்லையோரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வழக்கம் புதிதன்று. குறிப்பேட்டுடனும் கைப்பேசியுடனும் ஆஷா பணியாளர் வருகிறார், வயதைக் கேட்கிறார், புகையிலை போடுவதுண்டா என்று கேட்கிறார், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். நாமும் விடை கூறி அனுப்புகிறோம்.

அவர் போன பிறகு நடப்பது என்ன? எழுதிக்கொண்ட செய்தி எங்கே செல்கிறது? நோய்க்குறி கண்டவர் சிகிச்சை பெற்றாரா என்று பார்ப்பவர் யார்? பார்க்கவில்லையெனில் கேட்பவர் யார்? இவ்வினாக்களை நம்மவர் பெரும்பாலும் எழுப்புவதில்லை. எழுப்ப வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஒரு மாநிலம், இரு சட்டங்கள்

சுகாதார நிர்வாகத்தில் நம் எல்லைப்புறத்தின் வரலாறு விந்தையானது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் உருவானபோது, சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்த மலபார், பாலக்காட்டையும் உடன்கொண்டு அதில் இணைந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதிகளாக வந்து சேர்ந்தன. நாடு ஒன்றாயிற்று, சுகாதாரச் சட்டம் ஒன்றாகவில்லை. மலபார்ப் பகுதியில் 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும், தெற்கே 1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சிப் பொதுச் சுகாதாரச் சட்டமும் தனித்தனியே நடந்துவந்தன. பழைய கொச்சி அரசைச் சேர்ந்திருந்த சிற்றூர் பின்னர் பாலக்காட்டு மாவட்டத்துள் அடங்கியதால், ஒரே மாவட்டத்துக்குள்ளேயே இருவேறு மரபுகள் நிலவின.

இவ்விரண்டையும் நீக்கி, மாநிலம் முழுமைக்கும் ஒரே சட்டமாக 2023-ஆம் ஆண்டில் கேரளப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. மாநிலம், மாவட்டம், உள்ளாட்சி என மூன்று நிலைகளில் பொதுச் சுகாதாரப் பொறுப்பை அது வகுத்திருக்கிறது. எல்லைக்கு அப்பால், கோவையிலும் தேனியிலும், அந்தப் பழைய 1939-ஆம் ஆண்டுச் சட்டமே இன்றும் தமிழ்நாட்டின் சட்டமாக இருந்துவருகிறது. ஆகவே ஒரு மலையின் இருபுறத்தும் வாழும் ஒரே குடும்பத்தார் இரு சட்டங்களின் கீழ், இரு பதிவேடுகளில் இருக்கின்றனர்.

சோதனை என்பது யாது?

நலச் சோதனை வேறு, நோய் நிர்ணயம் வேறு. சோதனை என்பது சல்லடை போன்றது. ஐயத்துக்குரியவரைப் பிரித்துக் காட்டுவதே அதன் பணி. நோய் உண்டு, இல்லை என்று உறுதி செய்வது மருத்துவரின் பணி. உலகச் சுகாதார நிறுவனம் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் வில்சன், யுங்னர் என்னும் இருவர், நலச் சோதனைக்குரிய பத்து நெறிகளை வகுத்துரைத்தனர். நோய் கண்டவர்க்கு ஏற்கப்பட்ட சிகிச்சை இருக்க வேண்டும். நோயை உறுதி செய்யவும் சிகிச்சை அளிக்கவும் வசதிகள் கைக்கெட்ட வேண்டும். சோதனை ஒருமுறையோடு முடியாமல் தொடர்ந்து நடைபெற வேண்டும் என்பன அவற்றுள் தலையானவை. அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அந்நெறிகள் பழமையடையவில்லை. சிகிச்சைக்கு வழியில்லாத இடத்தில் சோதனை மட்டும் நடத்துவது, பசித்தவனுக்குப் பசியின் அளவைச் சொல்லிவிட்டுப் போவதற்கு ஒப்பாகும்.

இன்று நாடெங்கும் 30 வயதுக்கு மேற்பட்டோர்க்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, வாய்ப் புற்று, மார்பகப் புற்று, கருப்பைவாய்ப் புற்று ஆகிய ஐந்துக்கும் சோதனை செய்யத் திட்டம் உண்டு. கேரளத்தில் 2022-ஆம் ஆண்டு முதல் ‘சைலி’ என்னும் கைப்பேசிச் செயலி வழியே ஆஷா பணியாளர்கள் வீடுதோறும் விவரம் திரட்டுகின்றனர். தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் மாத்திரைகளையும் வீட்டிலேயே கொடுத்துவருகிறது. வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் பழக்கம் மிகுந்த தோட்டப் பகுதிகளில் வாய்ப் புற்றுச் சோதனை எத்துணை இன்றியமையாதது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அட்டப்பாடி காட்டும் பாடம்

பாலக்காட்டு மாவட்டத்தின் அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினரிடையே அரிவாள் வடிவ இரத்தச் சோகை என்னும் பரம்பரை நோய் காணப்படுகிறது. இந்நோயை 2047-க்குள் ஒழிப்பதென்று 2023-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடுவண் அரசு ஓர் இயக்கத்தைத் தொடங்கிற்று. 40 வயது வரையுள்ள 7 கோடி மக்களைச் சோதிப்பது அதன் குறிக்கோள். தாய் தந்தை இருவரும் நோய்க்கூற்றைத் தாங்கியவராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தம்மளவில் நலமாக இருப்பவரும் நோய்க்கூற்றைத் தாங்கியிருக்கக்கூடும் என்பதால்தான் இச்சோதனை தேவைப்படுகிறது.

இங்கேதான் மேற்பார்வையின் அருமை விளங்குகிறது. இன்ன பெண் நோய்க்கூறு உடையவள் என்ற செய்தி ஊரில் பரவினால் அவள் திருமணம் என்னாகும்? நோய்க்கூறு தாங்குபவர் நோயாளி அல்லர் என்பதை அண்டை அயலார்க்கு யார் எடுத்துச் சொல்வார்? முடிவை அவர்களுக்கு மட்டும் அறிவித்து, பொருளை விளக்கி, ஆலோசனை கூறி, எழுதியதைக் காப்பாற்றுவது வரை சோதிப்பவரின் கடமை நீள்கிறது. இரத்தத்தை எடுத்தவுடன் கடமை முடிந்தது என்று எண்ணும் அலுவலரைத் தடுத்துக் கேட்பதற்கே மேற்பார்வை வேண்டியிருக்கிறது.

இரு பதிவேட்டுக்கும் இடையே நிற்போர்

கம்பம், போடி, கூடலூர் முதலிய ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்பேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்று, மாலையில் வீடு திரும்பும் பெண்கள் பலர். வீட்டுக்கு வரும் பணியாளர் பகலில் வந்தால் இவர்கள் வீட்டில் இல்லை. வேலை செய்யும் இடத்திலோ, குடியிருப்போரை எண்ணும் கணக்கில் இவர்கள் பெயர் இல்லை. இரு அரசுகள் தேடியும் இவர்கள் அகப்படாமல் போவது இவர்கள் குற்றமன்று. கணக்கெடுக்கும் முறையின் குறையாகும். தொற்று நோய்க் காலத்தில், 2020-ஆம் ஆண்டில், இதே எல்லைச் சாவடிகளில் ஒவ்வொருவரையும் நிறுத்தி வெப்பம் பார்க்க இரு அரசுகளாலும் முடிந்தது. காய்ச்சலுக்குச் செய்ததைச் சர்க்கரைக்கும் புற்றுக்கும் செய்ய முடியாதென்பது பொருந்துமா? விடுமுறை நாளில் முகாம், தோட்டத்திலேயே சோதனை, ஒரு புறத்தில் எழுதிய சீட்டை மறுபுறத்து மருத்துவமனை ஏற்கும் ஏற்பாடு ஆகிய மூன்றும் இருந்தால் இக்குறை பெரிதும் தீரும்.

தேயிலைத் தோட்டங்களின் கதை சிறிது வேறு. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியையும் வீட்டு வசதியையும் முதலாளியின் கடமையாக்கியது. இன்று அதன் இடத்தில், 2020-ல் இயற்றப்பெற்ற தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. தோட்ட ஆஸ்பத்திரி முதலாளியுடையது; ஆரம்ப சுகாதார நிலையம் அரசாங்கத்தினுடையது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வாளாவிருந்தால், இடையில் வருந்துபவள் கொழுந்து பறிக்கும் பெண்ணே.

உள்ளத்தின் நோய்

உடல் நோயைச் சொல்ல நாணாதவரும் உள்ளத்தின் நோயைச் சொல்ல நாணுகின்றனர். ஆஷா பணியாளர் நிரப்பும் படிவத்தில் மனத்தைப் பற்றியும் இரண்டு வினாக்கள் உண்டு. அண்மைக் காலத்தில் எதிலும் நாட்டமோ மகிழ்ச்சியோ இன்றி இருந்ததுண்டா என்பது ஒன்று. மனம் சோர்ந்து நம்பிக்கையிழந்து இருந்ததுண்டா என்பது மற்றொன்று. மாமியாரும் அண்டை வீட்டாரும் சூழ நிற்கும்போது, ‘ஆம்’ என்று விடை சொல்லும் மருமகள் எங்கே இருக்கிறாள்? தனிமையில் கேட்கப்படாத வினாவுக்கு உண்மையான விடை கிடைப்பதில்லை.

நாட்டில் வயது வந்தோரில் 100-க்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநோயால் வருந்துகின்றனர் என்றும், அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை பெறுவதில்லை என்றும் 2015-16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு காட்டிற்று. கேரளமும் தமிழ்நாடும் அதில் ஆராயப்பெற்ற 12 மாநிலங்களுள் அடங்கும். 2022-ஆம் ஆண்டில் இலட்சம் மக்களில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர் நாடு முழுமைக்கும் 12.4 பேர், கேரளத்தில் 28.5, தமிழ்நாட்டில் 25.9. எல்லையின் எப்புறம் நின்றாலும் நம்மவர்க்கு இது அயலார் செய்தியன்று.

ஆகஸ்டு 6 என்னும் நாளை நாம் இரு காரணங்களால் மறக்கலாகாது. 2001-ஆம் ஆண்டு அந்நாளில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். காப்பகம் நடந்தது, அதைக் கண்காணிப்பார் இல்லை. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. 2020-ஆம் ஆண்டு அதே நாள் இரவில், மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் உறங்கிய 70 உயிர்கள் போயின. மாண்டோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். உற்றாரை இழந்து எஞ்சியோர்க்கு வீடு கட்டித் தரலாம். மழை பெய்யும் இரவெல்லாம் உறக்கம் வராத உள்ளத்துக்கு யாது செய்வது? துயர் ஆற்றுதல் ஒரு வாரப் பணியன்று. ஆண்டுக் கணக்கில் தொடர வேண்டிய பணி.

சட்டம் தந்திருக்கும் உரிமைகள்

1912-ஆம் ஆண்டின் பழைய சட்டம் மனநோயாளரை அடைத்து வைப்பதையே பெரிதாகக் கருதிற்று. 1987-ல் மற்றொரு சட்டம் வந்தது. 2017-ல் இயற்றப்பெற்று 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமோ, சிகிச்சையை உரிமையாக்கியது. சங்கிலியிடுதலை அது தடை செய்கிறது. நோயாளரைப் பற்றிய செய்திகள் மறைவாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தால் அவ்வாறு செய்தார் என்றே கொண்டு, தண்டிக்காமல், அவர்க்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது. ஆதலின் காவல் நிலையத்துக்கு அஞ்சி நோயாளரை வீட்டுக்குள் மறைப்பது தேவையற்றது.

மேற்பார்வைக்கென இச்சட்டம் மாநில மனநல ஆணையத்தையும் மறுஆய்வு வாரியங்களையும் ஏற்படுத்தியிருக்கிறது. மாவட்ட நீதிபதியோ, அத்தகுதி உடையவரோ வாரியத்தின் தலைவர். மருத்துவர்களோடு, மனநோயுற்றவரோ அவரைப் பேணுவோரோ தொண்டு நிறுவனத்தாரோ அதில் உறுப்பினராக வேண்டும். உரிமை மீறப்பட்டால் நோயாளரோ, அவர் நியமித்த பிரதிநிதியோ வாரியத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

கேரள அரசின் மனநல மருத்துவமனைகள் திருவனந்தபுரம், திருச்சூர், கோழிக்கோடு ஆகிய மூன்றிடங்களில் உள்ளன. மூணாற்றிலிருந்தும் அட்டப்பாடியிலிருந்தும் அவை தொலைவானவை. இக்குறையைப் போக்கவே மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் குறித்த நாட்களில் அருகிலுள்ள அரசு மருத்துவமனைகளுக்கு வருகின்றனர். அந்நாள் எதுவென்று நம் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழில் கேட்பது சலுகையன்று

துயரத்தைத் தாய்மொழியில்தான் சொல்ல முடியும். ‘மனசு பாரமாயிருக்கிறது’ என்று சொல்லும் மூதாட்டியின் சொல்லை அறியாதவர் அவர் நோயை எவ்வாறு அறிவார்? 2017-ஆம் ஆண்டுச் சட்டமே, நோயின் தன்மையையும் சிகிச்சையையும் நோயாளருக்குப் புரியும் மொழியில் கூற வேண்டும் என்கிறது. குறைகளை மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் எழுதலாம் என்பது அரசியல் சட்டத்தின் 350-ஆம் விதி. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும், தமிழரும் கன்னடரும் தம் மொழியில் அரசுக்கு எழுதவும், சிறுபான்மைப் பகுதிகளில் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் வகை செய்கிறது. தமிழில் படிவமும் தமிழறிந்த ஆலோசகரும் கேட்பது, எவரிடமும் இரந்து நிற்பதாகாது.

நாம் செய்ய வேண்டுவன

நலச் சோதனைக்கு மறுக்காது இணங்குவோம். இணங்கிய பின் முடிவைக் கேட்டு வாங்குவோம். சோதனைச் சீட்டுகளை நிலப் பத்திரம் போலப் பேணி வைப்போம். கிராம சபை கூடும் நாளில், எத்துணைப் பேர் சோதிக்கப்பட்டனர் என்று மட்டும் கேளாமல், எத்துணைப் பேர் சிகிச்சையில் நிலைத்திருக்கின்றனர் என்றும் கேட்போம். விடை வராவிடில் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனம் கலங்கும் வேளையில், 2022 அக்டோபர் 10-ல் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கேரளத்தின் ‘திசா’ சேவைக்கு எண் 1056. இவ்விரு எண்களையும் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைப்பது எளிய செயல். ஒரு நாள் ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.

நல்ல திட்டம் வகுப்பது அரசின் கடன். அது நம் வாசலோடு நின்றுவிடாமல் நலமாக முடிகிறதா என்று பார்ப்பது குடிமக்களின் கடன். தோட்டத்திலும் வயலிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்து இம்மலைநாட்டை வளப்படுத்திய நம் குடும்பங்கள், தம் உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் உரிமையோடு கேட்டுப் பெறுவனவாக.