உயிரணுவின் வாயிலில் வைட்டமின் சி

பிற்காலத்தில் வைட்டமின் சி என்று நிரூபணமான பொருளை ஹங்கேரிய விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி கேம்பிரிட்ஜில் மாட்டின் அட்ரீனல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்து 1928-இல் அறிவித்தார். ஆனால், ரத்தத்தில் சொற்பமாகவே ஓடும் அப்பொருள் அச்சுரப்பிக்குள் எவ்வாறு அவ்வளவு அபரிமிதமாகக் குவிந்தது என்பது தெளிவாக எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

உயிரணுவைச் சூழ்ந்துள்ள சவ்வு கொழுப்பாலானது. வைட்டமின் சி-யோ நீரில் கரைவது, எதிர்மின்னேற்றம் தாங்கியது. ஆகவே, தானாக அச்சவ்வை ஊடுருவும் சக்தி அதற்கில்லை. அதை உள்ளே கொண்டுசெல்லும் எஸ்.வி.சி.டி.-1, எஸ்.வி.சி.டி.-2 என்னும் இரு புரதங்களை 1999-ஆம் ஆண்டில் எலியிடம் இனங்கண்டார்கள். உயிரணு ஓயாமல் சோடியத்தை வெளியேற்றிக்கொண்டிருப்பதால், வெளியே மிகுந்துவிட்ட சோடியம் பள்ளம் கண்ட நீர்போல் உள்ளே பாயக் காத்திருக்கிறது. இப்புரதங்களில் ஒவ்வொன்றும் இரண்டு சோடியம் அயனிகளையும் ஒரு வைட்டமின் மூலக்கூறையும் ஒருசேரப் பற்றிக்கொண்டு, வெளிப்புறம் மூடி உட்புறம் திறக்குமாறு தன் வடிவத்தையே மாற்றி, அவற்றை உள்ளே விட்டுவிடுகிறது. சோடியத்தின் வேகமே வைட்டமினையும் இழுத்துச் செல்வதால்தான், ரத்தத்தில் உள்ளதைப்போல் பல மடங்கு அதிகமாக அது உள்ளே சேர முடிகிறது.

முதலாவது புரதம் குடலில் உணவிலிருந்து வைட்டமினை வாங்குகிறது. சிறுநீரகத்தில், வீணாகப் போகவிருப்பதை மீட்டுத் தருகிறது. அதன் சாமர்த்தியத்துக்கும் எல்லை உண்டு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தார் 1996-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம் கொடுத்தபோது ஏறக்குறைய முழுவதையும் ஏற்ற சரீரம், 1250 மில்லிகிராம் கொடுத்தபோது பாதியைக்கூட ஏற்கவில்லை; ஏற்றதிலும் பெரும்பகுதி சிறுநீரோடு போயிற்று. பெரிய மாத்திரைகளை அள்ளி விழுங்குவோர் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

மற்றொரு வழியும் உண்டு. ஆக்சிஜனேற்றமடைந்த வைட்டமின் சி, குளுக்கோஸை ஏற்றிச் செல்லும் புரதத்தின் மூலமாகவே உள்ளே புகுந்து, அங்கே மீண்டும் பழைய நிலையை அடைகிறது; மனிதனின் ரத்தச் சிவப்பணுக்கள் இவ்வழியையே நம்பியிருக்கின்றன.

ஆயினும், இது இரண்டாவது புரதத்துக்கு ஈடாகுமா? 2002-இல் வெளியான ஒரு பரிசோதனை இதற்கு விடை தந்தது. மனிதனைப் போலன்றிச் சுண்டெலி தன் ஈரலிலேயே வைட்டமின் சி-யை உண்டாக்கிக்கொள்ளும் பிராணி. அப்படியிருந்தும், மூளை, கண், அட்ரீனல் சுரப்பி முதலியவற்றில் வேலை செய்யும் அப்புரதத்துக்குரிய மரபணுவை நீக்கியபோது, பிறந்த குட்டிகள் சில நிமிஷங்களுக்குள் மாண்டன. அவற்றின் நுரையீரல் விரியவே இல்லை. மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. கருவுற்ற தாய்க்கு வைட்டமினை மேலும் ஊட்டிப் பார்த்தும், அக்குட்டிகளின் ரத்தத்தில் அதன் அளவு உயரவில்லை. நஞ்சுக்கொடியைக் கடப்பதற்கும் அதே புரதம் வேண்டியிருந்தது. வேறெந்த உறுப்பிலும் ரத்தக்கசிவு இல்லாமையாலும், தோலில் யாதொரு குறையும் தென்படாமையாலும், இம்மரணத்தை, வைட்டமின் சி குறைவால் வரும் வெறும் ஸ்கர்வி நோய் என்று கொள்வதற்கில்லை என்றே அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள்.