மரவள்ளிக்கு வந்த தேமல் நோய்



மரவள்ளிக்கிழங்கு நமக்குப் புதிதல்ல. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில், அரிசி கிடைக்காமல் தோட்டத்து மக்கள் பலர் இந்தக் கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்தார்கள். அந்தக் கிழங்கும் கைவிட்டிருந்தால் அவர்கள் கதி என்ன? ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா நாட்டு ஏழை விவசாயிகளுக்கு அப்படி ஒரு நிலைமை உண்மையிலேயே வந்தது. இன்று அவர்கள் ஊர்ப்பக்கம் போய் வருவோம்.

உகாண்டாவின் கிழக்கே தேசோ என்று ஒரு வட்டாரம். அங்கே மாடு கட்டி உழுவது வழக்கம். 1980களின் பிற்பகுதியில் மாட்டுக் கொள்ளையாலும் உள்நாட்டுக் கலகத்தாலும் மக்கள் மாடுகளைப் பறிகொடுத்தார்கள். மிஞ்சியது மரவள்ளி. அதே காலத்தில் நாட்டின் நடுப்பகுதியில் கடுமையான தேமல் நோய் தோன்றியது. ஆண்டுக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தூரம் அது முன்னேறியது. தேசோவில் பெரும்பாலோர் ‘எப்வானதெராக்கா’ என்ற ஒரே இரகத்தை நட்டிருந்தார்கள். அந்த இரகம் நோயைத் தாங்கவில்லை. 1990களின் முற்பகுதியில் அங்கே பஞ்சம் வந்தது.

இந்த நோய் செடியைக் கொல்வதில்லை. இலையில் மஞ்சள் திட்டுகள் விழும். இலை சிறுத்து முறுக்கிக்கொள்ளும். மண்ணைத் தோண்டினால் கிழங்கு பருத்திருக்காது. காரணம் வைரஸ் என்னும் நுண்ணுயிர். வெள்ளை ஈ அதைச் செடிக்குச் செடி கொண்டுபோகும். நாம் வெட்டி நடும் குச்சியும் கொண்டுபோகும். ஒரு செடிக்குள் புகுந்துவிட்டால் எந்த மருந்தும் அதைக் குணப்படுத்தாது.

அப்படியானால் தேசோ மீண்டது எப்படி? இதில் நமக்கொரு வியப்பு உண்டு. 1930களில் தாங்கனீக்காவின் அமானி ஆய்வு நிலையத்தில், மரவள்ளியை அதன் உறவான சியாரா ரப்பர் மரத்தோடு இனக்கலப்புச் செய்தார்கள். அந்த மரமும் பால் தருவதுதான். அந்தக் கலப்பின் வழி வந்த, நோய் தாங்கும் இரகங்கள் நைஜீரியாவின் இபாதான் ஆய்வு நிலையத்தில் உருவாகி, 1990களில் உகாண்டாவுக்கு உதவின.

ஆனால் நல்ல இரகம் கிடைத்தால் மட்டும் போதுமா? ஒரு மரவள்ளிச் செடியில் ஓராண்டில் ஏறத்தாழ 10 குச்சிகளே கிடைக்கும். ஆகவே உழவர் குழுக்களும், மாதர் குழுக்களும், பள்ளிக்கூடங்களும் அவற்றை நட்டுப் பெருக்கி, அக்கம்பக்கத்தாருக்குப் பகிர்ந்து கொடுத்தன. 1990களின் இறுதிக்குள் வயல்கள் மீண்டும் பசுமையாயின. அத்துடன் தொல்லை தீர்ந்துவிடவில்லை. 2004க்குப் பிறகு, கிழங்கை உள்ளேயே அழுகச் செய்யும் இன்னொரு நோய் அங்கே பரவியது. விழிப்புக்கு ஓய்வில்லை.

இது எங்கோ நடந்த கதைதானே என்று இருந்துவிட வேண்டாம். தேமல் நோயின் வேறொரு வகை 2015இல் கம்போடியாவில் காணப்பட்டு, பின்னர் வியட்நாமுக்கும் தாய்லாந்துக்கும் வந்தது. வீட்டுக்குப் பின்னால் நாலு மரவள்ளி நடுகிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். இலை சுத்தமாக உள்ள செடியிலிருந்தே குச்சி வெட்டுங்கள். மஞ்சள் திட்டு விழுந்து முறுக்கிய செடியை வேரோடு பிடுங்கி அழித்துவிடுங்கள். சந்தேகமான குச்சியை உறவினருக்கும் கொடுக்காதீர்கள். அன்பாகக் கொடுத்தாலும் நோய் நோய்தான். ஒரே இரகத்தை நம்பாமல், சேம்பும் வள்ளிக்கிழங்கும் கூட வையுங்கள்.

தேசோ மக்களைக் கெடுத்ததும் குச்சிதான், காப்பாற்றியதும் குச்சிதான். எதை நடுகிறோம், எதைப் பிறருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.