முன் / பின்: ஒரு ரேஷன் கடையின் இரண்டு புகைப்படங்கள்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளடங்கிய ஒரு ஊர். அங்கே புதுப்பித்துக் கட்டிய ரேஷன் கடையைப் படமெடுக்க ஒரு ஒப்பந்தக்காரர் என்னைக் கூட்டிப் போனார். ஊர் பேரும் ஆள் பேரும் இங்கே வேண்டாம். பிரச்சினை தனி ஆளைப் பற்றியதல்ல, ஒரு பார்க்கும் முறையைப் பற்றியது. கடைகளைப் படமெடுப்பதுதான் என் பிழைப்பு. துணிக்கடையோ சூப்பர் மார்க்கெட்டோ, எதை இடித்துப் புதுப்பித்தாலும் 'முன்' ஒன்று, 'பின்' ஒன்று என்று இரண்டு படம் கேட்பார்கள். இந்த இரட்டைப் படம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதைச் செய்கிறவன் என்ற முறையில் சொல்லிவிட நினைக்கிறேன். ஏனென்றால் நம் தோழர்களே இதைக் கேள்வி கேட்காமல் ஆதாரமாக எடுத்துக்கொள்வதைப் பார்க்கிறேன்.

முதல் விதி, இடம் மாறக்கூடாது. ட்ரைபாட் கால் நின்ற இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு, லென்ஸின் உயரத்தை நோட்டில் எழுதிக்கொள்வோம். வேலை முடிந்தபின் அதே புள்ளியிலிருந்து, அதே லென்ஸால் எடுத்தால்தான் இரண்டு படமும் ஒன்றோடொன்று பொருந்தும். அடுத்தது அகலக் கோணம். 10க்கு 12 அடி அறையை 16 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால் கல்யாண மண்டபம் மாதிரி விரியும். மூன்றாவது நேர்க்கோடு. கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் மேலே போகப்போக உள்பக்கம் சாயும். மட்டமாக வைத்தால் நிமிர்ந்து நிற்கும். நான்காவது, ஒரே காட்சியைக் குறைவான, நடுத்தரமான, கூடுதலான வெளிச்சத்தில் மூன்று முறை எடுத்து ஒன்றாக்குவது. அப்போது ஜன்னலுக்கு வெளியே வானமும் தெரியும், மூட்டைக்குப் பின்னாலுள்ள மூலையும் தெரியும்.

இதுவரை வெறும் தொழில்நுட்பம். சங்கதி இனிமேல்தான். 'முன்' படத்தை உச்சி வெயிலில், விளக்குப் போடாமல், சாமான்கள் கலைந்து கிடக்கும்போது எடுப்போம். 'பின்' படத்தைப் பொழுது சாயும் நேரத்தில், எல்லா விளக்கையும் போட்டு, தரையைத் துடைத்துவிட்டு எடுப்போம். புதுப்பித்தலில் பாதி வெளிச்சத்தில்தான் நடக்கிறது. கேமரா நகரவே இல்லை என்ற ஒரு நேர்மை, நேரமும் விளக்கும் மாறிப்போனதை மறைத்துவிடுகிறது. பார்க்கிறவர் மாற்றம் முழுவதையும் கட்டிடத்தின் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

ஐந்தாவது விதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: ஆள் இருக்கக்கூடாது. அன்று அரிசி போடும் நாள். "ஆளுங்கள கொஞ்சம் ஒதுங்கச் சொல்லுங்க சார்" என்றார் ஒப்பந்தக்காரர். நானும் சொன்னேன். வரிசை கலைந்து வெயிலில் போய் நின்றது. வயதான ஒரு அம்மா மட்டும் நகராமல் கேட்டார்: "பெயிண்ட் அடிச்சா ஆச்சா தம்பி? குந்தறதுக்கு எடம் எங்க?"

அப்போதுதான் என் 'முன்' படத்தை நானே ஒழுங்காகப் பார்த்தேன். அதில் கடை வாசலில் ஒரு திண்ணை இருந்தது. காரை பெயர்ந்து, வெற்றிலைக் கறையோடு. 'பின்' படத்தில் அந்த இடத்தில் டைல்ஸ் பதித்த படி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு அழுக்கு போய்விட்டது என்றுதான் வாசிக்க முடியும். ஆனால் திண்ணை அங்கே அலங்காரத்துக்கு இருந்ததல்ல. 2020 அக்டோபரில் தமிழக ரேஷன் கடைகளில் கைரேகை முறை வந்தது. மலையில் சிக்னல் போனால் மெஷின் நின்றுவிடும். அது வரும்வரை ஜனங்கள் காத்திருக்க வேண்டும். காத்திருத்தலும் பொது விநியோகத்தின் ஒரு பகுதிதான். அது காலத்தில் நடப்பது. இரண்டு சட்டகங்களுக்கு நடுவே விழுந்துவிடுவதால் அது எதிலும் பதிவாகவில்லை.

இந்தப் பார்வைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் பழைய சந்துகளை ஓஸ்மான் இடித்தபோது, இடிபடப்போகும் தெருக்களைப் பதிவு செய்ய நகராட்சி சார்ல்ஸ் மார்வீலை அமர்த்தியது. பின்னால் வந்த அட்ஜே கடை முகப்புகளையும் ஆளில்லாத தெருக்களையும் எடுத்தார். அவை குற்றம் நடந்த இடத்தின் படங்கள் போல இருப்பதாகச் சொல்லப்பட்டதை வால்டர் பெஞ்சமின் 1931இல் எடுத்துக்கொண்டு, நம் நகரங்களில் குற்றம் நடக்காத இடம் ஏது என்ற பொருள்பட மேலே கொண்டுபோனார். நம் பக்கத்தில் நடந்தது இதன் தலைகீழ். எட்கர் தர்ஸ்டன் மலைவாசிகளின் தலையையும் மூக்கையும் அளந்து, படமெடுத்து, 1909இல் 7 தொகுதிகளாக வெளியிட்டார். அங்கே மனிதர்கள் தம் வாழ்விடத்திலிருந்து பிரிக்கப்பட்டு 'வகைமாதிரி' ஆனார்கள். இன்று நான் செய்ததில் அவர்களின் இடம் அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்டு 'சாதனை' ஆகிறது. படத்தைப் பார்க்கப்போகிறவர் இரண்டு முறையும் மலைக்குக் கீழேதான் இருக்கிறார்.

புதுப்பித்தலே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கடையின் கூரை முன்பு ஒழுகியது; இப்போது மூட்டை நனைவதில்லை. 2011 முதல் விலையில்லா அரிசி தரும் மாநிலத்தில் இது சின்ன விஷயமல்ல. சங்கடம் என்னவென்றால், படம் சாட்சி என்ற நிலையிலிருந்து நகர்ந்து பில்லுக்கான ரசீதாகிவிட்டது. 100 நாள் வேலைத் திட்டத்திலும் 2017 வாக்கில் முன், நடுவில், பின் என்று இடக்குறியோடு படமெடுக்கும் முறை வந்தது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் தேதியும் படத்தின் மேல் பதிந்திருந்தால் அது பொய் சொல்லாது என்று நினைக்கிறோம். இடம் சரிதான், தேதியும் சரிதான். யாரை ஒதுங்கச் சொன்னார்கள் என்பது மட்டும் அதில் இருக்காது.

2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ரேஷன் கடைகளின் சமூகத் தணிக்கைக்கு இடம் தருகிறது. அதில் பங்கெடுக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாதிரிப் படங்களைக் காட்டினால், எத்தனை மணிக்கு எடுத்தது, எந்த லென்ஸ், அன்று கடை திறந்திருந்ததா, எதிரே நின்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். பிறகு மூன்றாவது படம் ஒன்றை நீங்களே எடுங்கள்: அரிசி போடும் நாளில், வரிசைக்குள் நின்று, கடையைப் பார்த்து. வரிசையைப் பார்த்து எடுக்கும்போது கவனம் வேண்டும்; கேட்காமல் எடுத்தால் நாமும் தர்ஸ்டன்தான்.

அன்று அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு, அவருக்குப் பக்கத்தில் நின்று நான் ஒன்று எடுத்தேன். லென்ஸை மாற்றவில்லை. படியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர்களின் முதுகும், தூரத்தில் புதுப் பெயிண்ட்டும் அதில் இருக்கின்றன. ஒப்பந்தக்காரருக்கு அது தேவைப்படவில்லை. மற்ற இரண்டுக்கும் காசு கொடுத்துவிட்டார்.