நோய்க்காலத்து ஏழையும் சுதந்திர நாட்டின் குடிமகனும்



1947 ஆகஸ்ட் 15 ஒரு வெள்ளிக்கிழமை. ஹிஜ்ரி 1366-ஆம் ஆண்டின் ரமழான் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஆகவே, இந்நாட்டு முஸ்லிம்கள் விடுதலையின் முதல் நாளை நோன்போடும் ஜும்ஆவோடும் கழித்தார்கள். சுதந்திர தினச் சொற்பொழிவுகளில் இச்செய்தி அதிகம் இடம்பெறுவதில்லை. பசியின் அருமையை வயிறு உணர்ந்திருந்த ஒரு நாளில் ஆட்சிப் பொறுப்பு நம் கைக்கு வந்து சேர்ந்தது என்பதை அடியேன் சிறிய விஷயமாகக் கருதவில்லை.

ஒவ்வொரு மனிதரும் ஒரு மேய்ப்பாளர், தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி அவர் விசாரிக்கப்படுவார் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். அந்நியர் ஆண்ட காலத்தில் ஏழை பட்டினியால் மடிந்தால் வெள்ளையரை நோக்கிக் கைகாட்டிவிடலாம். ஆட்சியாளரை நாமே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நாட்டில் அந்த விசாரணையில் நமக்கும் பங்குண்டு.

அந்நியர் ஆட்சியில் நோய்க்காலத்து ஏழை எவ்வாறு பார்க்கப்பட்டான் என்பதற்கு நம் கரையிலேயே சான்று இருக்கிறது. 1914-இல் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டபின், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள். அதற்கு முன் மண்டபத்தில் அன்றைய இலங்கை அரசு நடத்திய முகாமில் அவர்கள் நிறுத்தி வைக்கப்பட்டார்கள். காலராவும் பிளேக்கும் தோட்டங்களுக்குள் புகுந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். நோய் பரவாமல் தடுப்பது மார்க்கமும் ஏற்றுக்கொண்ட செயல்தான். கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் செல்லாதீர்கள், அவ்வூரில் இருந்தால் அதைவிட்டு வெளியேறாதீர்கள் என்பது நபிகளாரின் போதனை. ஆனால், மண்டபத்தில் பாதுகாக்கப்பட்டது தேயிலையின் வருமானம். தொழிலாளியின் குடிசையில் அடுப்பெரிகிறதா என்று கேட்க அங்கு எவருமில்லை. 1918-இல் வந்த இன்ஃப்ளூயன்ஸாவில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு பருவமழையும் பொய்த்து, தானிய விலையும் ஏறியிருந்தது. நோயோடு பசியும் சேர்ந்தே அவர்களைக் கொன்றது.

இனி 2020-க்கு வருவோம். மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. நம் கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே படகுகள் கரையில் கட்டப்பட்டுவிட்டன. இராமேஸ்வரம் கோயில் பல மாதங்கள் தீர்த்தமாடுவோரின்றி இருந்தது. வாளியில் நீர் இறைத்து ஊற்றிப் பிழைத்தவர்கள், சங்கு சிப்பி விற்றவர்கள், ஆட்டோ ஓட்டியவர்கள் ஆகியோரின் அன்றாட வருமானம் ஒரே நாளில் நின்றது. கடல்பாசி எடுக்கும் பெண்களும், சீமைக் கருவேல மரத்தை வெட்டிக் கரி சுடும் கூலிகளும் அதே நிலைக்கு ஆளானார்கள்.

அரசுகள் சும்மா இருக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தமிழக அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாய் வழங்கியது. மத்திய அரசு ரேஷன் கடைகள் வழியாக ஆளுக்கு 5 கிலோ தானியம் கொடுத்தது. நோன்புக் கஞ்சிக்கென்று பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் பச்சரிசி ஒதுக்கப்பட்டது. பள்ளியில் கூடிக் கஞ்சி காய்ச்ச வழியில்லாததால் அது வீடுகளுக்கே பிரித்துக் கொடுக்கப்பட்டது. 1918-க்கும் 2020-க்கும் இடையே சுதந்திரம் செய்த வேலை இது.

ஆயினும், அரிசி வாங்கியவருக்கு எண்ணெய்க்கும் மருந்துக்கும் வாடகைக்கும் பணம் வேண்டுமே! வடநாட்டிலிருந்து கூலிக்கு வந்தவரிடம் இங்கே குடும்ப அட்டை ஏது? குடிமக்களின் கடமை தொடங்கும் இடம் இதுவே. மானத்தோடு வாய்திறவாமல் இருப்பவரை, தேவையற்றவர் என்று அறியாதவர் எண்ணிக்கொள்வார் என அல்லாஹ் திருமறையில் சுட்டிக்காட்டுகிறான். அத்தகையோரைத் தேடிச் செல்ல வேண்டும். ஒரு பை அரிசியை நான்கு பேர் பிடித்துக்கொண்டு, வாங்குபவரையும் நடுவில் நிறுத்திப் புகைப்படம் எடுத்த காட்சிகள் அந்நாட்களில் நம் சமுதாயத்திலும் குறைவில்லை. அது தர்மத்தின் நன்மையையே கரைத்துவிடும்.

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் இரு சோதனைகள் சேர்ந்து வந்தன. ஹிஜாஸில் சாம்பல் ஆண்டு எனப் பெயர்பெற்ற பெரும் பஞ்சம். ஷாமில் அம்வாஸ் கொள்ளைநோய். ஹழ்ரத் அபூஉபைதா (ரலி) அவர்களும் அந்நோயிலேயே ஷஹீதானார்கள். மக்கள் செழிப்படையும்வரை நெய்யும் இறைச்சியும் உண்பதில்லை என்று கலீஃபா உறுதிபூண்டு, எண்ணெயைத் தொட்டுக்கொண்டே காலம் கழித்தார்கள். மற்ற மாகாணங்களிலிருந்து தானியம் வரவழைத்தார்கள். பஞ்சத்தில் அடிபட்டவர்களிடம் ஸகாத் வசூலிப்பதைத் தள்ளிவைத்தார்கள்.

இல்லாதவருக்குத் தவணை கொடுப்பது ஒருபுறம். இருப்பவர் முந்திக்கொண்டு கொடுப்பது மறுபுறம். ஹழ்ரத் அப்பாஸ் (ரலி) அவர்கள் உரிய நாளுக்கு முன்பே ஸகாத் கொடுக்க அனுமதி கேட்டபோது, நபிகளார் (ஸல்) அனுமதித்தார்கள். நம் கரையோர ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், நிஸாபை அடைந்தவர் ஓராண்டின் ஸகாத்தை முன்கூட்டியே கொடுக்கலாம். ஹனஃபி மத்ஹபில் அதற்கு மேலும் இடமுண்டு. எனவே, நோய்க்காலத்தில் ரமழான் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு விளக்கம் அவசியம். ஸகாத் முஸ்லிம் ஏழைகளுக்குரியது என்பது இமாம்களின் தீர்ப்பு. ஸதகாவுக்கு அந்த வரம்பில்லை. பிச்சையெடுத்து நின்ற யூத முதியவருக்கு பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை ஏற்படுத்தியவர்கள் உமர் (ரலி). தீர்த்தம் இறைப்பவரும், கடலோரத்துக் கிறிஸ்தவ மீனவரும், இன்று மண்டபம் முகாமில் வாழும் இலங்கைத் தமிழரும் நம் அண்டை வீட்டாரே. ஆகவே, ஜமாஅத்தில் ஸகாத்துக்கு ஒரு பையும் பொது ஸதகாவுக்கு இன்னொரு பையும் தனித்தனியே வைத்திருக்க வேண்டும். நோய் வந்தபின் இரண்டாவது பையைத் தைக்க நேரமிராது. ஜும்ஆவுக்குப் பின் வரவு செலவு வாசிக்கும் ஊர்களில் இரு கணக்கையும் தனியாக வாசிக்கலாம். பெற்றவர்களின் பெயர்கள் மட்டும் அதில் வர வேண்டாம்.