கலெக்சன்ஸ் (ஜாவா)

கலெக்சன்ஸ் என்பது ஜாவா மொழியில் பட்டியல் போன்ற தரவுத் தொகுப்புகளைக் கையாள உதவும் ஆயத்த வழிமுறைகளைக் கொண்ட இனக்குழு ஆகும். இது 1998-இல் வெளிவந்த ஜாவா 1.2 பதிப்பில் அறிமுகமானது. இதிலுள்ள சார்ட் வழிமுறை உறுப்புகளை ஏறுவரிசையில் அடுக்கும். பைனரிசர்ச் இருமத் தேடல் மூலம் ஓர் உறுப்பின் இடத்தைக் கண்டறியும்.

தேடும் முன் பட்டியலை வரிசைப்படுத்துவது கட்டாயம். எடுத்துக்காட்டாக, 72, 45, 90, 38, 61 என்ற மதிப்பெண் பட்டியலில் அப்படியே 45-ஐத் தேடினால், முதலில் நடுவிலுள்ள 90-உடன் ஒப்பிடப்படும். 45 சிறியது என்பதால் தேடல் இடப்பக்கம் நகரும். அடுத்து 72-உடன் ஒப்பிட்டு, மேலும் இடப்பக்கம் எதுவும் இல்லாததால் -1 என விடை வரும். அதாவது, பட்டியலில் உள்ள எண்ணே இல்லை என்றாகிவிடும், பிழைச்செய்தியும் தோன்றாது. சார்ட் செய்தபின் தேடினால் சரியான விடையான 1 கிடைக்கும். இடங்கள் 0-இலிருந்து எண்ணப்படுவதால் இது இரண்டாம் இடத்தைக் குறிக்கும்.

சார்ட் மூலப் பட்டியலையே மாற்றிவிடும். பழைய வரிசை தேவையெனில் முன்னரே நகலெடுத்துக்கொள்ள வேண்டும்.